கவிஞரின் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. இவ்வளவுதான் ஜெர்மன் 'லீட்' பாடல். பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். போன வாரம் காசு கொடுத்து, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல் தொகுப்பு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினேன். இசையமைத்தவர், பாடியவர், பியானோ வாசித்தவர் என எல்லோர் பெயரும் இருந்தன. கவிஞர் பெயர் மட்டும் இல்லை, பாடல் வரிகளும் இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் கிரெட்சன் என்ற இளம்பெண் ராட்டை சுற்றியபடி பாடும் பாட்டுக்கு 1814-இல் ஷூபர்ட் இசையமைத்தார். அப்போது அவருக்கு வயது 17. பியானோவில் வலது கை ராட்டை போலச் சுழன்றுகொண்டே இருக்கும். காதலனின் முத்தத்தை அவள் நினைக்கும் இடத்தில் ராட்டை சட்டென நின்றுவிடும். அப்புறம் தடுமாறி, விட்டு விட்டு, மறுபடி சுற்றத் தொடங்கும். வரி தெரியாதவருக்கு அது வெறும் இடைவெளி. தெரிந்தவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

ஷூபர்ட் இசையமைத்த 'குளிர்காலப் பயணம்' தொகுதியின் 24 பாடல்களின் வரிகளையும் எழுதியவர் கவிஞர் வில்ஹெல்ம் முல்லர். கடைசிப் பாட்டில் ஒரு கிழவர் வெறுங்காலோடு பனியில் நின்று, விறைத்த விரல்களால் வாத்தியத்தின் கைப்பிடியைச் சுற்றி வாசிக்கிறார். அவர் தட்டில் ஒரு காசு விழுவதில்லை. ஃபிஷர் டீஸ்காவ் பாடி, ஜெரால்ட் மூர் பியானோ வாசித்த பதிவில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

முல்லர் 1827-இலும் கதே 1832-இலும் இறந்துவிட்டார்கள். உரிமைத் தொகை யாருக்கும் தர வேண்டியதில்லை. சரி, மொழிபெயர்ப்பு கூட வேண்டாம். மூல வரிகளையும் கவிஞர் பெயரையும் ஒரு பக்கத்தில் சேர்த்துத் தாருங்கள் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்