சொற்புதிருக்கு விடையோடு வழியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் ஆங்கிலச் சொற்புதிர்களைக் கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆவலோடு நிரப்பி வருவதை எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்தப் பக்கம் தொடர்பாக ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன்.

கையில் உள்ள எழுத்துகளைத் தட்டினால் அவற்றைக் கொண்டு அமையும் சொற்களை நொடியில் வரிசையாகக் காட்டும் இணையதளங்களும் செயலிகளும் இன்று வீட்டுக் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. புதிரைக் கண்டதும் பிள்ளைகள் அதைத்தான் தேடுகிறார்கள். கட்டம் நிரம்பிவிடுகிறது, சொல் மனத்தில் தங்குவதில்லை. இக்கருவிகளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவை எப்படித் தேடுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்த வேலையில் பெரும்பகுதியைப் பென்சிலும் தாளும் கொண்டே அவர்கள் செய்து பழகலாம்.

அத்தகைய தேடலில் பயன்படும் எளிய வழி ஒன்று, சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிவைப்பது. 'லிசன்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படி அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், டி என்று வரும். 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' ஆகியவற்றை அடுக்கினாலும் அதே வரிசைதான் வரும். இந்த நான்கையும் ஒரு நோட்டில் அந்த ஒரே வரிசையின் கீழ் எழுதிவைக்கும் பிள்ளை, 'லிசன்' என்பதில் ஒலிக்காமல் நிற்கும் 'டி'யை அதன்பின் மறப்பதில்லை. தமிழைப் பெரும்பாலும் எழுதியபடியே வாசித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பெரிய தடையே இந்த ஒலிக்காத எழுத்துகள்தாம். காது கைவிடும் இடத்தில் கண்ணைப் பழக்குவதற்குச் சொல்விளையாட்டைப் போல ஏற்ற வழியை நான் வேறு கண்டதில்லை. ஆங்கிலம் பேசும் சூழல் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மேலும் பொருந்தும்.

எந்த எழுத்து எங்கே வரும் என்பதும் சொல்லித்தர வேண்டிய செய்தியே. ஐந்தெழுத்துச் சொல்லின் இரண்டாம் இடத்தில் 'எச்' என்று தெரிந்துவிட்டால், முதலிடத்துக்கு சி, எஸ், டி, பி, டபிள்யூ ஆகியவற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சியும் கேயும் சேர்ந்து சொல்லின் இறுதியில் வரும், தொடக்கத்தில் வராது. 'ஹேவ்', 'கிவ்', 'லவ்' போன்றவற்றில் 'வி'க்குப் பின் ஒலிக்காத 'ஈ' ஒன்று நிற்பதற்குக் காரணம், ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் 'வி'யில் முடிவதில்லை என்பதே. உயிரெழுத்து ஐந்தும் இல்லாமல் புதிர் வந்தால் 'ஒய்' எங்கே பொருந்தும் என்று பார்க்க வேண்டும். 'ஜிம்', 'மித்', 'ரிதம்' எல்லாம் அப்படி அமைந்தவையே.

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொற்களை அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்திருந்தபோது ஒரு நாளிதழின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே கட்டைகளின் எண்ணிக்கையை வகுத்தார். ஆங்கிலப் பெட்டியிலுள்ள 100 கட்டைகளில் 'ஈ' 12 இருப்பதும், அரிதாக வரும் 'கியூ'வுக்கும் 'இசட்'டுக்கும் தலா 10 புள்ளி கிடைப்பதும் அந்தக் கணக்கின் விளைவு. பன்மைச் சொற்களால் ஆட்டம் எளிதாகிவிடக் கூடாது என்பதற்காக 'எஸ்' மட்டும் 4 கட்டைகளோடு நிறுத்தப்பட்டது. இந்தப் பெட்டியை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி எங்கள் பிள்ளைகளே எழுத்துகளைச் செய்துகொண்டார்கள்.

'கியூ' கையில் வந்ததும் பிள்ளைகள் சோர்ந்துவிடுவதைக் காண்கிறேன். 'யு' கிடைத்தால்தான் அதை இறக்க முடியும் என்று நம்புகிறார்கள். 'ஃபக்கீர்', 'தலாக்', 'நிகாப்' ஆகியவை 'யு' இல்லாமலே 'கியூ'வோடு எழுதப்பட்டுப் போட்டிகளுக்கான சொற்பட்டியலில் இடம்பெற்றுள்ளன என்று காட்டியபோது, இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்த சொற்களாயிற்றே என்று அவர்கள் மகிழ்ந்தார்கள்.

எழுத்துப் பழக்கம் மட்டும் மொழியறிவு ஆகிவிடாது என்பதையும் மறுப்பதற்கில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாத நிலையிலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். வியக்கத்தக்க நினைவாற்றல்தான், ஆனால் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அதுவன்று. ஆகவே பொருளோ ஒரு வாக்கியமோ சொல்ல முடியாத சொல்லுக்குப் புள்ளி இல்லை என்பதை எங்கள் வட்டத்தில் விதியாக வைத்திருக்கிறோம்.

எனவே, புதிரின் விடையை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடுவதை விட்டுவிட்டு அடுத்த வாரம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விடையோடு, அந்தச் சொல்லை எந்த எழுத்திலிருந்து தொடங்கித் தேடியிருக்கலாம் என்று இரண்டு மூன்று வரிகளும், சொல்லின் பொருளைத் தமிழில் ஒரு வரியும் சேர்த்தால் போதும். தேடுகருவியைப் பயன்படுத்த விரும்பும் பிள்ளைகள், முதலில் தாங்களாகக் கண்டுபிடித்தவற்றை எழுதிவைத்துவிட்டு, விட்டுப்போனவை எவை என்று பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பையும் பக்கத்தின் அடியில் தரலாம்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.