செயலாளர் ஆண்டறிக்கை: ஆஸ்பத்திரி மாறும்போது

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலிருந்தோ தனியார் கிளினிக்கிலிருந்தோ நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாறுகிறவர்களுக்கு மனநலச் சிகிச்சை அறுபடாமல் பார்த்துக்கொள்வது.

நம் உறுப்பினர் ஒருவரின் மகன் குளோசபின் என்ற மனநோய் மாத்திரையில் நன்றாகத் தேறியிருந்தார். ஊர் திரும்பியபோது டிஸ்சார்ஜ் சீட்டில் பழைய மருந்தையே தொடரவும் என்றுதான் இருந்தது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. விசாரித்து வாங்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. குளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விடுபட்டால், விட்ட அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது. குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. "கடைசியா எப்போ போட்டார்?" என்று புது டாக்டர் கேட்டதால் பிழைத்தோம்.

நோயாளி வேறு மருத்துவரிடம் மாறும்போது, பழைய மருத்துவர் புதியவரோடும் நோயாளி, குடும்பத்தோடும் கலந்து பேசித் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆவது பிரிவு. நடைமுறையில் அந்தப் பேச்சு நம் கைப்பையில்தான் பயணம் செய்கிறது. சரி, அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். மருந்தின் ஜெனரிக் (பொதுப்) பெயர், அளவு, ஊசி மருந்து போட்டுக்கொள்பவர் என்றால் கடைசித் தேதியும் அடுத்த தேதியும், லித்தியம் என்ற மருந்து எடுப்பவருக்குக் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, நியமனப் பிரதிநிதி (சட்டப்படி நோயாளி தனக்குத் துணையாக நியமித்தவர்) யார் என்பவை அதில் உண்டு. கம்பெனி பெயரை மட்டும் எழுதாதீர்கள். கம்பெனி மாறி மாத்திரையின் நிறமும் மாறியதால், வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு.

சில மருத்துவர்கள் தாளை வாங்கிப் பார்த்து உடனே கையெழுத்துப் போட்டார்கள். சிலர், இதெல்லாம் எதற்கு என்றார்கள். அவர்களிடம் வாதாட வேண்டாம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை அதே சட்டத்தின் 25ஆவது பிரிவில் நோயாளிக்கு உண்டு, எழுத்தில் கேளுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் பதற்றம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் தீர்ந்துபோன மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. அதனால் இடம் மாறும் முன்பே குறைந்தது 15 நாள் மருந்து கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஓ.பி. சீட்டுகளை எல்லாம் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து தாளை நிரப்புவோம். ஓ.பி. நாட்களில் மருத்துவமனை வாசலில் உதவ இன்னும் இரண்டு பேர் தேவை.

இப்படிக்கு,
செயலாளர்