அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதே

கல்லிடைக்குறிச்சி,
மார்கழி 6

அன்புள்ள மாப்ளே,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான். போனில் நாலு வார்த்தை பேசிவிட்டால் எழுதுகிற கை சோம்பிப் போகிறது.

இங்கே எல்லோரும் நலம். பிசான நடவு முடிந்தது, கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறையப் போகிறது. உன் தங்கச்சி முட்டுவலியோடு திருவாதிரைக் களிக்கு அரிசி வறுத்துக்கொண்டிருக்கிறாள். அம்பை அத்தைக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. கோயம்புத்தூரில் மதினி, பிள்ளைகள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தென்காசிக் கல்யாணப் பந்தியில் நான் தியாகராஜ பாகவதர் நடித்த பழைய 'ஹரிதாஸ்' படம் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் படமாடே? ஆளு அசையாம நட்டமா நிக்கான். பாட்டு முடியதுக்குள்ள காப்பி குடிச்சிட்டு வந்துரலாம்." பந்தியே சிரித்தது. ரசம் ஊற்ற வந்த பையன்கூடச் சிரித்தான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

ஐப்பசியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு டிவி, போன் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. பேத்திதான் போனில் 'கண்ணகி' படத்தைப் போட்டு, தலைமாட்டில் கவிழ்த்து வைத்து, "பார்க்காதீங்க தாத்தா, கேளுங்க" என்றாள். 1942-இல் வந்த படம். சின்னப்பா கோவலன், கண்ணாம்பா கண்ணகி, வசனம் இளங்கோவன். நான் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

எப்படிச் சொல்வது? கண்ணாம்பா தெலுங்குக்காரர், தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துப் படித்தவர். அந்த அம்மா பாண்டியன் சபையில் நீதி கேட்கும்போது ஒரு எழுத்து சிதறவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் கடைசிச் சொல்வரை அதே கனத்தோடு போய்ச் சேருகிறது. நடுவில் அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. படத்தைப் பார்த்தபோதெல்லாம் அந்த மூச்சு என் காதில் விழவே இல்லை, செட்டையும் தூணையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முடிந்ததும் பேத்தியை மறுபடி அந்த இடத்தை வைக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவையும்.

அப்போதுதான் உங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் ஒலிச்சித்திரமாகப் போடும்போது நாம் அங்கேதானே கிடப்போம்? அம்மன் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் ராத்திரி முழுக்கக் கதைவசன ரெக்கார்டு ஓடும். எத்தனை படத்தைக் கொட்டகையில் பார்ப்பதற்கு முன்பே நாம் காதால் கேட்டு முடித்திருந்தோம்! நமக்கு வேறு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை மாப்ளே, சொன்னால் உனக்கே புரியும்.

ஆள் ஏன் நட்டமாக நிற்கிறான் என்று கேட்டாய் அல்லவா? அந்த நடிகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யோசி. நம்ம சீமையில், தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த நாடகங்களைத்தான் ஊர் ஊராக ஆடினார்கள். மைக் கிடையாது. கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை அது. 1934-இல் வந்த 'பவளக்கொடி'யை எடுத்துக்கொள். மேடையில் அதே நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் அப்படியே காமிரா முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அதில் ஐம்பது பாட்டு.

இங்கேயும் ஒரு சங்கடம். அந்தக் காலத்தில் பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே இல்லை. நடிக்கிறவர்தான் அங்கேயே, அப்போதே பாட வேண்டும். ஆர்மோனியமும் பிடிலும் காமிராவுக்குத் தெரியாத மறைவில் இருக்கும். மைக்கை விட்டு இரண்டு அடி நகர்ந்தால் குரல் போய்விடும். பிறகு எப்படி ஆள் நகருவான்? நகராமலே அவ்வளவையும் குரலிலும் முகத்திலும் கொண்டுவர வேண்டியிருந்தது. அதைத்தான் நீ காப்பி குடிக்கப் போகிற நேரம் என்கிறாய்.

எல்லாம் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. சில படங்களில் பாட்டு இல்லாத இடங்கள் தூங்கி வழிகின்றன. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காமெடி ஒரு பக்கம் தனியாகப் போகும். இணையத்தில் கிடைக்கிற பிரதிகளோ இன்னும் மோசம், நல்ல இடத்தில் படம் குதிக்கும், யாரோ திரை முழுக்கத் தன் பெயரை ஒட்டி வைத்திருப்பார்கள். ஆனால் 1937-க்கே நிலைமை மாற ஆரம்பித்துவிட்டது. தமிழே தெரியாத எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் 'அம்பிகாபதி'யை எடுத்தார். அதில் நம்ம பக்கத்து பாலையா வில்லனாக வருகிற காட்சிகளைப் பார். அந்த மனிதர் கத்தவே இல்லை.

கண் சரியானதும் முதலில் பார்த்தது 'தியாகபூமி'. 1939. பாபநாசம் சிவன்தான் கதாநாயகி சாவித்திரியின் அப்பா சம்பு சாஸ்திரி. (எட்டாம் வகுப்பில் அவர் நம்ம பாபநாசத்துக்காரர் என்று அடித்துப் பேசி என்னிடம் நாலு முறுக்கு தோற்றாயே, அது தஞ்சாவூர்ப் பாபநாசம்.) கைவிட்ட புருஷன் திரும்பி வந்து, சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். சாவித்திரி முடியாது என்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். 1939-இல், மாப்ளே! உன் தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். "இதை எங்க அம்மா பார்த்திருப்பாளா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பார்த்திருந்தாலும் வீட்டில் அதைப் பேசியிருக்க முடியாது. அடுத்த வருஷமே சர்க்கார் அந்தப் படத்துக்குத் தடை போட்டது.

அந்தப் படம் பிழைத்துக் கிடந்தது நம் பாக்கியம். எத்தனை படம் பிழைக்கவில்லை தெரியுமா? 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு இன்றைக்குப் பிரதி இல்லை. கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேஷம் கட்டி, லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி நடித்த 'பக்த நந்தனார்' படத்துக்கும் இல்லை. அந்தக் கால பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் பெட்டிக்குள்ளேயே மக்கிப்போகும். நாடக மேடையில் பாடி நடித்த நம்ம செங்கோட்டைக் கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்காமலே 1933-இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். அவர் முகம் அசைவதை இனி யாரும் பார்க்க முடியாது. இசைத்தட்டில் குரல் மட்டும் இருக்கிறது. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன், அப்புறம் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இப்போது உண்மையில் இந்தக் கடிதம் எழுதிய காரணம். போன வாரம் உங்கள் அண்ணாச்சியை வாய்க்கால் பாலத்தில் பார்த்தேன். பூர்வீக வீட்டுக்கு விலை பேசியாயிற்றாம், தை பிறந்ததும் காலி செய்யப் போகிறாராம். "பரணில் இருக்கிற பழசை எல்லாம் எடைக்குப் போட்டுருவேன்" என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. அந்தப் பரணில்தானே உங்கள் அப்பாவின் தகரப்பெட்டி இருக்கிறது? கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புஸ்தகம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. நாம் அதில் ஒன்றைக் கிழித்துக் கப்பல் விட்டதற்கு அவர் அடிக்கக்கூட இல்லை, திண்ணையில் உட்கார்ந்து ஈரத் தாளை ஒவ்வொன்றாகக் காயவைத்தார். நந்தி முன்னால் சுந்தராம்பாள் கைகூப்பி நிற்கிற அட்டை ஒன்று அந்தப் பெட்டியில் பார்த்த ஞாபகம் எனக்குத் திடமாக இருக்கிறது. படம் இல்லை மாப்ளே. அந்தத் தாளில் இருக்கிற கதைச்சுருக்கமும் பாட்டும் நடிகர் பெயரும்தான் மிச்சம். அதுவும் பூச்சி அரித்திருக்கலாம், ஆனாலும் திறந்து பார்க்காமல் விடக்கூடாது.

அண்ணாச்சியிடம் நானே கேட்டிருக்கலாம். உங்களுக்குள் பாகப் பேச்சு நடக்கிற நேரத்தில் வெளியாள் நான் போய்ப் பெட்டியைக் கேட்பது சரியில்லை என்று நிறுத்திக்கொண்டேன். நீ சொன்னால் அவர் தட்டமாட்டார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் போடு. "அப்பா பெட்டியை மட்டும் அவன் வந்து எடுத்துக்கொள்வான்" என்று சொல். ஆட்டோவோடு போய் நான் கொண்டுவந்து வைக்கிறேன், பூட்டைக்கூடத் தொடமாட்டேன். பொங்கலுக்கு நீ வந்து உன் கையால் திற.

இரண்டு நாளாவது தங்குகிற மாதிரி வா. 'கண்ணகி'யை முதலில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்போம், அப்புறம் பார்ப்போம். காப்பி முன்னாலேயே குடித்துவிடலாம்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்