2025-ஆம் ஆண்டறிக்கை: பிளஸ் டூ முடித்த நம் ஊர்ப் பிள்ளைகளும் மன்றமும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

படிப்பகத்துக்கு நாளிதழ்கள் தடையின்றி வந்தன. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் நல்லபடியாக நடந்தன. குளக்கரையில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது என்று சென்ற பொதுக்குழுவில் எடுத்த தீர்மானத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தேர்வு முடிவு மே 8 அன்று வந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு அதற்கு முந்தைய நாளே தொடங்கி ஜூன் 6-இல் முடிந்தது. அதற்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் கைக்கு வந்தாக வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டால் மட்டும் சான்று கிடைத்துவிடாது. கிராம நிர்வாக அலுவலர் தொடங்கி வட்டாட்சியர் வரை மனு நகர வேண்டும். நம் திருவாரூர்ப் பக்கத்தில் அதே வாரங்களில்தான் குறுவை வேலையும் வருகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தது. தாய்மார்கள் நடவை எதிர்பார்த்து நின்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகம் போக யாரால் முடியும்? நன்றாகப் படித்த பிள்ளைகூட திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே, பொதுத்தேர்வுக்கு முன்பே சான்றுகளுக்கு மனுப் போட வைத்தோம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் அப்போதே வாங்கச் சொன்னோம். தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறவும் அரசுப் பள்ளிப் படிப்பு அடிப்படை; இவ்விரு திட்டங்களுக்கு மட்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததும் ஏற்கப்படும். நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றிய பெற்றோர் இதைக் கேட்டுக் கலங்கி நின்றபோது மனம் பொறுக்கவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி இது.

ஒரு மாணவி தரகர் பேச்சை நம்பித் தனியார் கல்லூரி ஒன்றில் அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கொடுத்துவிட்டாள். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தனியார் கல்லூரிக்காரர்களோ சான்றுகளைத் தர மறுத்தார்கள். அசல் சான்றுகளைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு நம் துணைத் தலைவரும் மாணவியின் தந்தையும் நேரில் போன பிறகே சான்றுகள் திரும்பக் கிடைத்தன. அந்தப் பெண் இப்போது வேதியியல் படிக்கிறாள். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஐம்பது ரூபாய்தான். தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் அக்கம்பக்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

தேர்வில் தவறிய பிள்ளைகளைத் தேடிப் போனதையே இவ்வாண்டின் மிக முக்கியமான பணியாக நான் கருதுகிறேன். வென்றவர் வீட்டுக்கு எல்லோரும் போகிறோம். தவறியவர் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது. துணைத்தேர்வு ஜூன் இறுதியிலேயே வந்துவிடும் என்பதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக் முதலாம் ஆண்டிலோ சேரலாம் என்பதும் பல வீடுகளில் தெரியவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் மாலை வேளைகளில் படிப்பகத்தில் கணிதமும் கணக்குப்பதிவியலும் சொல்லிக் கொடுத்தார்கள். ஊதியம் பற்றிப் பேச்செடுக்கவே அவர்கள் விடவில்லை. அவர்களுக்கு மன்றத்தின் நன்றி.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. கல்லூரியில் சேர்ந்தவர்களில் சிலர் தீபாவளிக்குள் நின்றுவிட்டார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியவில்லை என்றார்கள் சிலர். வீட்டுக்கடனை அடைக்க வேலைக்குப் போனார்கள் சிலர். சேர்த்துவிட்டதோடு நம் கடமை முடிந்துவிடாது. முதல் பருவம் முடியும்வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரிலிருந்து ஒருவர் பொறுப்பேற்று மாதம் ஒருமுறையாவது விசாரிக்க வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. இதைப் பொதுக்குழு நிறைவேற்றித் தர வேண்டுகிறேன். பொறுப்பேற்க முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் ஊர் அண்ணன்களும் அக்காள்களும் முதலில் வர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்