செங்கல்பட்டுப் பயணிகளுக்கும் ஒரு கம்பெனி பஸ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தாம்பரம் – செங்கல்பட்டு இடையே நான்காவது ரயில் பாதை வரப்போவது எங்களுக்கெல்லாம் நல்ல செய்தி. ஆனால் அது வந்து முடியும்வரை என்ன செய்வது? வந்த பிறகும், தண்டவாளம் போகாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் என்ன செய்வது?

காலை நேர மின்சார ரயிலில் செங்கல்பட்டிலேயே ஜன்னலோரமெல்லாம் நிரம்பிவிடும். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் படிக்கட்டுதான் மிச்சம். சாயங்காலம் எழும்பூரில் நின்றால் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் "தாம்பரம் வரை" என்றே அறிவிப்பார்கள். அதற்கு அப்பால் போக வேண்டியவர்கள் அந்த வண்டிகளை விட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் இதே கூட்டத்தில்தான் வருகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். ரயிலில் போவதென்றால் பார்க் ஸ்டேஷன் வரை வந்து, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் ஆவடி வண்டி பிடித்து, திரும்ப மேற்கே போக வேண்டும். நகரத்தின் கிழக்கு ஓரம்வரை போய்த் திரும்புகிறார் மனிதர். பெருங்களத்தூரில் தொடங்கும் பைபாஸ், மதுரவாயலைத் தாண்டி அம்பத்தூர் வழியாகவே புழலுக்குப் போகிறது. அந்தச் சாலையில் ஒரு பஸ் நேராக ஓடினால் அவருக்கு இந்தச் சுற்றே வேண்டாம். ஆவடிப் பக்கம் போகிறவர்களுக்கு வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. சிறுசேரி, சோழிங்கநல்லூர் போகிறவர்களுக்கு வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை. சாலைகள் எல்லாம் தயாராகத்தான் இருக்கின்றன.

இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்ல முடியாது. விடியற்காலையில் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வந்து பாருங்கள். ஒரகடம் ஆலைகளுக்கும் மகிந்திரா சிட்டிக்கும் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் வரும். மேம்பாலத்தடியில் அடையாள அட்டையோடு நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். தினமும் அதே ஆட்கள், அதே நேரம், ஆளுக்கொரு இருக்கை. பெரிய நிறுவனங்கள் இதைப் பல வருடமாகச் செய்கின்றன. சொந்தமாக பஸ் விட வசதியில்லாத பட்டறை, கடை, சிறு அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு அதே ஏற்பாட்டை மாநகர் போக்குவரத்துக் கழகம் செய்து தர வேண்டும். இதுதான் நான் கேட்பது.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரயில் சீசன் டிக்கெட்டின் விலைக்கு எந்த பஸ்ஸும் ஓட முடியாது. மாத சீசனுக்கு ஏறக்குறைய 15 ஒருவழிப் பயணத்தின் காசுதான் ஆகிறது. ஆனால் சீசனோடு ஷேர் ஆட்டோ, இன்னொரு பஸ், ஸ்டேஷனில் பைக் நிறுத்தும் காசு என்று கொடுக்கிறவர்கள் ஏராளம். இருக்கை நிச்சயம் என்றால் அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்க மாட்டார்கள். ஏசி பஸ்ஸுக்கும் சேர்த்து 2,000 ரூபாய் மாத பாஸ் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அதை இந்த பஸ்களுக்கும் செல்லும்படி செய்யலாம்.

2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக மின்சார ரயில்களை ரத்து செய்தபோது கூடுதல் பஸ்கள் விட்டார்கள். அவசரத்துக்கு விட்ட பஸ்கள் என்பதால் அத்தனையும் செங்கல்பட்டு – தாம்பரம் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையிலேயே போய் நெரிசலில் மாட்டின. அப்புறம், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததற்குப் பின் தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. முன்பு திண்டிவனம், விழுப்புரம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கிண்டிவரை போனவர்களுக்கு அந்த வழியும் போய்விட்டது. இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

முதலில் செங்கல்பட்டிலிருந்து அம்பத்தூருக்கும் சோழிங்கநல்லூருக்கும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று விட்டுப் பாருங்கள். நின்றுகொண்டு வர யாரையும் ஏற்ற வேண்டாம். நிறுத்தங்கள் குறைவாக இருக்கட்டும். மாலை பஸ் புறப்படும் நேரத்தைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடியும் நேரம் கேட்டு வையுங்கள். பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால்கூட அந்த பஸ் காலியாகத்தான் போகும்.

இப்படிக்கு,
தினசரிப் பயணி,
மறைமலை நகர்.