பச்சை முகத்தை அம்மா ஏன் அமுக்கினார்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் பள்ளி விடுமுறையை முன்னிட்டுத் தீம் பார்க்குகளைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். வண்ணப் படங்கள் நன்றாக இருந்தன. தோட்டப்புறத்திலிருந்து வரும் நம் குடும்பங்கள் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றாலும் முகம் சுளிப்பதில்லை, கருத்துக் கேட்டாலும் திருப்தி என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று அதில் ஒரு வரி. பாராட்டுவதாக நினைத்துத்தான் உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். மிக்க நன்றி. அன்று பசியாறியது எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

நான் இருப்பது நம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்; எங்கள் வாயிலும் இன்னும் அதுதான் வருகிறது. உங்கள் பத்திரிகை இங்கே கடைக்கு வந்து சேரக் காலை பத்து மணி ஆகிவிடுகிறது. அதைப் பற்றி இரண்டு முறை எழுதினேன். ஒரு கடிதம் வரவே இல்லை, இன்னொன்று மூன்று வரியாகக் குறைந்து வந்தது. அது கிடக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருஷம் ஒரு தீம் பார்க்கில் சவாரி இயக்கும் வேலை பார்த்தவள் நான். எந்தப் பார்க் என்பது இங்கே தேவையில்லை. வரிசை எப்படி உண்டாகிறது என்று உங்கள் நிருபரைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.

24 பேர் உட்காரும் ஒரு சவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 20 சுற்று, 480 பேர். இது காகிதத்தில். நிஜத்தில் பட்டையை இழுத்துப் பார்க்க வேண்டும், பிள்ளையை அளவுக்கோலோரம் நிறுத்தி உயரம் பார்க்க வேண்டும், ஏறி உட்கார்ந்த பிறகு ஒருவர் பையை மனைவியிடம் கொடுக்க இறங்கி ஓடுவார். நான்கு நிமிடம் ஆகிவிடும். 15 சுற்று, 360 பேர். 120 பேர் வெயிலில் நிற்பது இந்த ஒரு நிமிடத்தால்தான். ஆள் குறைவாக உள்ள நாளில் ஒரே பெண் பட்டையும் பார்த்து, பொத்தானையும் அமுக்கினால் அதற்கும் கீழே போகும். அந்த ஒரே பெண்ணாகப் பல நாள் நின்றிருக்கிறேன்.

திட்டம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. உள்ளே 5000 பேர் இருந்தால், ஆளுக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு சவாரியோ காட்சியோ கிடைக்க வேண்டும், ஆகவே மணிக்கு 7500 முதல் 10000 இடமாவது வேண்டும் என்று எங்கள் பயிற்சியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆனால் அந்த 5000 எந்த நாள் கூட்டம்? வருஷத்தில் ஆகக் கூட்டமான நாளுக்கு யாரும் கட்டுவதில்லை. கட்டினால் மற்ற நாளெல்லாம் பாதிச் சவாரி காலியாக ஓடும், காசு வீண். அதனால் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு நாளைப் பிடித்து அதற்குத்தான் அளவு வைப்பார்கள். வியாபாரம் என்று பார்த்தால் சரிதான். தீபாவளி மறுநாளும் பள்ளி விடுமுறை ஞாயிறும் நெரிசலாகும் என்பது கட்டும்போதே தெரிந்த விஷயம். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிற பெண்ணுக்கும் அந்த நாளை விட்டால் வேறு நாள் ஏது? செவ்வாய்க்கிழமை காலையில் ஜாலியாக வந்து போகிறவர்கள் யார் என்று நான் ஒன்பது வருஷம் பார்த்தேன், நம் ஆட்கள் இல்லை. ஐயா, அந்த நீள வரிசை வரைபடத்திலேயே நமக்கென்று போட்டு வைத்தது. அதில் நாம் பொறுமையாக நின்றோம் என்று பாராட்டு வேறு.

கூடுதல் காசு கொடுத்தவர்கள் பக்கத்து வாசலில் நுழைந்து முன்னால் ஏறிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். காத்திருப்பதைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றை எங்கள் பயிற்சியாளர் வாசித்துக் காட்டுவார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தெரியும், சும்மா நிற்பது நீளமாகத் தெரியும், அநியாயமாகப் படுகிற காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரியும். இதைப் படித்துவிட்டு நாங்கள் செய்தது என்ன? முப்பது நிமிட வரிசைக்கு 45 என்று பலகை மாட்டினோம். முப்பதில் ஏறியவர்களுக்கு ஒரே சந்தோஷம். அநியாயத்தை மட்டும் யாரும் தொடவில்லை, அதில் வருமானம் இருந்தது.

மழையையும் மறந்துவிட்டீர்கள். நம் நாட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு இடி இடித்தால் வெளியில் உள்ள சவாரி எல்லாம் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். அத்தனை கூட்டமும் சாப்பாட்டுக் கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கும். கூரைக்குக் கீழே ஓடும் சவாரி எத்தனை என்பதுதான் இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டு பக்கத்தில் குடை என்ற சொல்கூட இல்லை.

இப்போது திருப்திக்கு வருகிறேன். பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள், நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா என்று கேட்பார்களே, அது 2003-இல் ஃபிரெட் ரைக்கெல்ட் பரப்பிய முறை. ஒன்பதும் பத்தும் கொடுத்தவர்களின் விழுக்காட்டிலிருந்து ஆறும் அதற்குக் கீழும் கொடுத்தவர்களின் விழுக்காட்டைக் கழிப்பார்கள். ஏழும் எட்டும் எந்தப் பக்கத்திலும் சேராது. தமிழ்ப்பள்ளியில் பத்துக்கு ஏழு வாங்கினால் எங்கள் வீட்டில் மிட்டாய் கிடைக்கும். நம் ஆட்கள் மனமுவந்து கொடுக்கும் ஏழு அங்கே பாராட்டுக் கணக்கில் வராது. மழைக்குப் பயந்து மூன்று மணிக்கே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பியவர்களிடம் கேட்க அந்த நேரத்தில் வாசலில் ஆளும் இருக்காது. கேள்விகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழில் நான் பார்த்ததில்லை.

சேவைத் தரத்தை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு முறை 1988-இல் வந்தது. அதை உருவாக்கிய மூவரில் முதல் பெயர் பரசுராமன், நம்மவர் பெயராக இருக்கிறதே என்று அன்று வகுப்பில் எனக்கு ஒரு பெருமை. எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிற முறை அது. அப்படியென்றால் ஒன்றும் எதிர்பார்க்காதவருக்கு இடைவெளி எங்கிருந்து வரும்? விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்று, சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நின்று, ஒரே குழாயில் தண்ணீருக்கு நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்து மண்ணில் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஈயம் தோண்டிய குழியில் சன்வே லகூன் தீம் பார்க் வந்தது. எங்கள் ஊரிலும் ஈயக் குட்டைகள் உண்டு, வேலிகூட வரவில்லை. எதிர்பார்ப்பைப் பற்றி எங்களிடம் பேசாதீர்கள். 2013-இல் கெந்திங் மலையில் இருந்த வெளிப்புறத் தீம் பார்க்கை மூடியபோது என் மகளுக்கு எட்டு வயது. “புதுசா கட்டுறாங்கம்மா, திறந்ததும் போகலாம்” என்றேன். 2022-இல் திறந்தார்கள். அதற்குள் அவள் எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வை முடிக்கிற வயதுக்கு வந்துவிட்டாள்.

போன விடுமுறையில் அம்மாவையும் தம்பி பிள்ளைகளையும் ஒரு பார்க்குக்கு அழைத்துப் போனேன். அம்மா நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்றுவரை சிவப்பு அடையாள அட்டைதான், அதாவது நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. முகப்பில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்நாட்டு விலை குடிமக்களின் நீல அட்டைக்கு மட்டும்தான் என்றாள். இந்த மண்ணில் பிறந்த கிழவிக்குச் சுற்றுலாப் பயணியின் விலை. “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்” என்றார் அம்மா. உட்கார நிழலில் ஒரு பெஞ்சுகூட இல்லை. காசைக் கட்டி உள்ளே கூட்டிப்போனேன். முட்டி வலியோடு எந்தச் சவாரியும் ஏறவில்லை, நாள் முழுக்க எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எப்படிம்மா இருக்கு என்று கேட்டால், பரவாயில்லை.

வெளியே வரும் வழியில், கருத்துச் சொல்ல நான்கு முகம் போட்ட இயந்திரம், பச்சையிலிருந்து சிவப்பு வரை. அதன் பக்கத்தில் சீருடையில் ஒரு சின்னப் பெண், நம் பிள்ளைதான், ஏதாவது ஒன்றை அமுக்கச் சொன்னாள். அம்மா என்னிடம் விவரம் கேட்டுக்கொண்டு ஆகச் சிரித்த பச்சை முகத்தை அமுக்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காரில் ஏறியதும் கேட்டேன். “சிவப்ப அமுக்கினா அந்தப் புள்ள சம்பளத்துல கை வச்சிட மாட்டாங்களா?” என்றார்.

உங்கள் நிருபர் சொன்ன திருப்திக்குள் அந்தப் பச்சையும் ஒன்றாக இருக்கிறது, ஐயா.

கேட்கப் போவது சின்ன விஷயம்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் கழிவு விலைக் கூப்பன் அச்சிடுகிறீர்கள் அல்லவா, அடுத்த முறை அதன் அடியில், சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு எந்த விலை என்று பார்க்காரர்களிடம் கேட்டு ஒரு வரி போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தைக் குறைப்பதாக இருந்தால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்த வேண்டுகோளை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்