நெருஞ்சில் கஷாயத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு ஆயுர்வேதத்தில் என்ன வழி என்று ஒரு கட்டுரை வந்தது. ஆண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். என் கணவருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. அவர் இதைப் பற்றிக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். (அவர் படித்துச் சம்மதித்த பிறகுதான் அனுப்புகிறேன்.)

கட்டுரையில் சொன்ன மூலிகைகளோடு எனக்குச் சண்டை இல்லை. நெருஞ்சில், மூக்கிரட்டை, மாவிலங்கப் பட்டை மூன்றும் சிறுநீர்த் தொல்லைகளுக்கு வைத்தியர்கள் காலம்காலமாகக் கொடுத்து வருபவைதான். ஆனால் நெருஞ்சில் கஷாயத்தை இரவு படுக்கும் முன் குடிக்கச் சொல்லியிருந்தீர்கள். நெருஞ்சில் சிறுநீரைப் பெருக்கும் என்று அதே கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்கிறதே! ஏற்கெனவே ராத்திரியில் தூக்கம் கெட்டு எழுந்திருப்பவரை இன்னொரு தடவை எழுப்பிவிடவா? எங்கள் வைத்தியர் கஷாயத்தைக் காலையில்தான் கொடுத்தார். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்.

அந்த வைத்தியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் மருந்தே எழுதவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், புராஸ்டேட்டில் சுரக்கும் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ., அப்புறம் சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று காட்டும் ஸ்கேன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிறுநீரியல் மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். என் கணவருக்குக் கோபம். இதிலிருந்து தப்பிக்கத்தானே இங்கே வந்தேன் என்று முணுமுணுத்தார். வைத்தியர் அசையவில்லை. அடிக்கடி போவது சர்க்கரையாலும் வரும், கிருமித் தொற்றாலும் வரும், பையில் கல் இருந்தாலும் வரும். புராஸ்டேட் புற்றுநோயோ ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் காட்டாமலே இருக்கும். எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரியாமல் நான் மருந்து கொடுப்பதில்லை என்றார். உங்கள் கட்டுரையில் இல்லாமல் போனது இந்த ஒரு பத்திதான்.

ஸ்கேனில் சுரப்பி 48 கிராம் என்று வந்தது. இளவயதில் சுமார் 20 கிராம் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து என் கணவர் பயந்துபோனார். உண்மையில் எடைக்கும் அவஸ்தைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சிறுநீர்க்குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே போவதால், சுரப்பி எந்தப் பக்கமாக வளர்கிறது, அங்குள்ள தசை எவ்வளவு இறுகுகிறது என்பதுதான் முக்கியம். சிலருக்குப் பெரிய சுரப்பி இருந்தும் தொல்லை இருக்காது. அதனால் மருத்துவர்கள் தொல்லையைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்டு 35க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. என் கணவருக்கு 17. பி.எஸ்.ஏ.யில் கவலைப்பட எதுவும் இல்லை, பையிலும் மிச்சம் அதிகம் நிற்கவில்லை. சரி, இப்போது ஆயுர்வேதம் பார்க்கலாம் என்று வைத்தியரும் சிறுநீரியல் மருத்துவரும் ஒப்புக்கொண்டார்கள்.

சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் மூத்திராகாதம் என்று சிறுநீர் அடைப்பைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் வாதாஷ்டீலை என்பது, மலப் பாதைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் கல் போல எழும்பி நிற்கும் கட்டி. ஏறக்குறைய நம் சுரப்பி இருக்கும் இடம்தான். மலத்தையும் சிறுநீரையும் கீழே தள்ளுவதாக ஆயுர்வேதம் சொல்லும் அபான வாயு கெடுவதுதான் காரணம் என்று சொல்வதால் வைத்தியர் முதலில் கேட்டது மலச்சிக்கலைப் பற்றி. எனக்கு இது பிடித்திருந்தது, ஏனென்றால் குடல் நிறைந்து சிறுநீர்ப்பையை அழுத்தினால் தொல்லை கூடும் என்பதை இன்றைய மருத்துவமும் சொல்கிறது. மலச்சிக்கலைச் சரிசெய்தார். சாயங்காலக் காபியை நிறுத்தினார். இடுப்பளவு வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தபடி போகவும், போய் முடித்துச் சற்றுப் பொறுத்து மறுபடி முயலவும் சொல்லிக்கொடுத்தார்.

மருந்தாகக் கஷாயமும் சந்திரப்பிரபா வடி என்ற மாத்திரையும். பழைய தொழில் புத்தி, சேர்மானத்தைப் படித்துப் பார்த்தேன். சந்திரப்பிரபாவில் இரும்பு பஸ்பம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, மூன்று வகை உப்பும் சோடா உப்பு போன்ற காரங்களும் இருக்கின்றன. ரத்த அழுத்தக்காரர், சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் பலவீனமானவர் இதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

இப்போது என் கணவர் இரவில் எழுவது குறைந்திருக்கிறது. எதனால்? காபி நின்றதும் கஷாயம் தொடங்கியதும் ஒரே வாரம். சுரப்பி சுருங்கவில்லை, மறு ஸ்கேனில் ஏறக்குறைய அதே அளவுதான். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் தேவலை என்கிறார்கள். ஆயுர்வேதப் பெயரோடு விற்கும் சில கேப்ஸ்யூல்களில் சா பால்மெட்டோ சேர்க்கிறார்கள். அது அமெரிக்கப் பனை வகை, சுசுருதருக்குத் தெரியவே தெரியாது. 2006இலும் 2011இலும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அது வெறும் மாவு மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை.

நீங்கள் கட்டம் கட்டிப் போட வேண்டிய செய்தி இன்னொன்று. எங்கள் தெருவில் ஒருவர் புராஸ்டேட்டுக்கென்று தபாலில் வரவழைத்த சூரணத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்ட அன்று இரவே சிறுநீர் அடியோடு நின்று, விடியற்காலையில் டியூப் போட வேண்டியதாயிற்று. சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின், சூடோஎஃபெட்ரின் போன்றவை இந்த நோயாளிகளுக்கு அடைப்பை உண்டாக்கலாம். சிறுநீர் அறவே வராவிட்டாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, குளிர் காய்ச்சலோடு எரிந்தாலோ கஷாயம் காய்ச்ச உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே இந்த நோய்க்கான ஆங்கில மருந்தான டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள் கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். ஃபினாஸ்டரைடு என்ற இன்னொரு மருந்து பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் காட்டும் என்பதால் அதை வைத்தியரிடமும் மறைக்கக் கூடாது.

கடைசியாக, அந்தக் கட்டுரைக்குக் கீழேயே, அறுவை இல்லாமல் புராஸ்டேட்டை நிரந்தரமாகக் குணமாக்குகிறோம் என்று ஒரு விளம்பரம் வந்திருந்தது. 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் புராஸ்டேட் கோளாறுகளும் இருக்கின்றன. விளம்பரப் பிரிவில் அந்தப் பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்